ஏன் என்று கேட்காமல் கொடுத்தது

க்ளெம் ராட்கேயின் துப்பாக்கிக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஒரு இரும்பு அலமாரி. அதில் இருப்பது எதுவும் விற்பனைக்கு இல்லை. பெண்டாட்டி விட்டுப்போனவன், குடியை நிறுத்தப் பார்க்கிறவன், இப்படி யாராவது தன் துப்பாக்கியோடு வந்து, "கொஞ்ச நாளைக்கு உன்கிட்ட இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போவார்கள். ஏன் என்று க்ளெம் கேட்டதில்லை. திரும்பக் கேட்டு வரும்போதும் கேட்டதில்லை. அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் அந்த மலையடிவாரத்தில் ஒருத்தனுடைய துப்பாக்கியைப் பற்றிக் கேட்பதும் அவன் படுக்கையறையைப் பற்றிக் கேட்பதும் ஒன்றுதான்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் க்ளெம். மர ஆலையில் வலது கை விரல் இரண்டைப் பறிகொடுத்து, அந்த நஷ்டஈட்டில் கடை போட்டான். துப்பாக்கிச் சட்டம் என்று ஊர் மண்டபத்தில் எப்போது கூட்டம் நடந்தாலும் முதலில் எழுந்திருப்பான்.

"என் துப்பாக்கியப் புடுங்க நீதிபதி யாரு? என் கூட்டாளிக்கு மனசு சரியில்லேன்னா நான் பாத்துக்க மாட்டேனா?"

முதல் கைதட்டல் ஆர்லோ விட்மருடையது. பக்கத்துப் பண்ணைக்காரன், நாற்பது வருட வேட்டைத் துணை.

ஏப்ரலில் ஆர்லோவின் மனைவி செத்துப்போனாள். அடுத்த வாரம் அவன் மகள் டெஸ்ஸி அவனுடைய மூன்று துப்பாக்கிகளைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"அங்கிள், அப்பா ஒரு மாதிரி இருக்காரு. நான் சொல்றவரைக்கும் குடுத்துடாதீங்க."

"சரிம்மா. நான் பாத்துக்கறேன்."

அக்டோபரில், எல்க் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள். கடையில் கால் வைக்க இடமில்லை. வேட்டைக்கான அரசாங்க அனுமதிச் சீட்டும் அங்கேதான் கொடுப்பார்கள். சீட்டு இல்லாமல் எவனும் மலை ஏற மாட்டான். ஆர்லோ வந்தான். முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டிருந்தான்.

"என்னடா, பொண்ணு பாக்கப் போறியா?"

"உன் மூஞ்சியப் பாக்கறதுக்கு இதுவே ஜாஸ்தி. என் துப்பாக்கிய எடு."

"மூணுமா?"

"ஒண்ணு போதும்."

டெஸ்ஸிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் ஆறேழு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, 'உன் மகளைக் கேட்டுட்டுத் தர்றேன்' என்று ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது? க்ளெம் எடுத்துக் கொடுத்தான்.

"நாளைக்கு எத்தன மணிக்குடா?"

"நீ முன்னால போ."

ஆர்லோ கையை நீட்டினான். நாற்பது வருடத்தில் இருவரும் கை குலுக்கிக்கொண்டதில்லை. குலுக்கிவிட்டுப் போய்விட்டான்.

அரை மணி கழித்து ஒருவன் வேட்டைச் சீட்டு கேட்டான். க்ளெமின் கை அப்படியே நின்றுவிட்டது. ஆர்லோ சீட்டு கேட்கவில்லை. வருஷா வருஷம் முதல் சீட்டு வாங்குகிறவன்.

கடையைப் போட்டது போட்டபடி விட்டு வண்டியை எடுத்தான். பண்ணையில் மாடுகளுக்கு மூன்று நாளைக்கான வைக்கோல் இறக்கியிருந்தது. நாயை வாசலில் கட்டி, வாளி நிறையத் தண்ணீர் வைத்திருந்தது. க்ளெம் படியிலேயே நின்றுவிட்டான். உள்ளே போவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. டெஸ்ஸிக்கு அப்போதுதான் போன் போட்டான்.

நவம்பரில் மறுபடி கூட்டம். வீட்டார் கேட்டால் நீதிபதி துப்பாக்கியை வாங்கிவைக்கலாம் என்று ஒரு சட்டம் வருகிறதாம். எல்லோரும் க்ளெமைப் பார்த்தார்கள். எழுந்தான்.

"நான் பாத்துப்பேன்னு சொன்னேன். பாத்துக்கல."

"அதுக்காக எங்க எல்லாரோடதையும் புடுங்கணுமா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"தெரியலடா."

உட்கார்ந்தான். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இருந்த டெஸ்ஸி திரும்பிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை ஒருவன் அலமாரியில் வைத்த துப்பாக்கியைக் கேட்டு வந்தான். க்ளெம் சாவியை எடுத்து, மிச்சமிருந்த மூன்று விரல்களுக்குள் இறுக்கிக்கொண்டான்.

"எதுக்கு?"

"உனக்கு எதுக்குய்யா அது?" வந்தவன் முகம் சிவந்தது. "ஊர்ல போய்ச் சொல்றேன். அப்புறம் ஒரு பய உன் கடைப் பக்கம் வரமாட்டான்."

"வர வேணாம். எதுக்குன்னு சொல்லு."