மூடுபனிக்கு மேலே நிலாத் திருநாள்

சூரிச், 1986, இலையுதிர்காலம்.

நகரம் மூடுபனிக்குள் கிடக்கிறது. இன்று சீனர்களின் நிலாத் திருநாள். நான் சீனம் படிக்கும் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தொழில்நுட்பக் கழகத்தில் என் தோழி லீ பொறியியல் படிக்கிறாள். சின்ன மகளைப் பெய்ஜிங்கில் விட்டுவிட்டு வந்தவள். இன்று மகள் அங்கேயும் அவள் இங்கேயும் நிலாவைப் பார்ப்பதாகப் பேச்சு. அதற்காகவே ரயிலேறி இந்த மலைக்கு வந்திருக்கிறோம். இங்கேயும் பனிதான். மகள் அங்கே பார்த்துவிட்டுத் தூங்கியே போயிருப்பாள் என்கிறாள் லீ.

மலையுச்சி உணவகத்தின் பின்கதவில் ஏப்ரனோடு, என்னைப் போலவே ஒரு யாழ்ப்பாணத்தவர் நிற்கிறார்.

"அண்ணை, நிலாப் பாக்க வந்தனாங்கள்."

"இதிலை நிண்டால் தெரியாது. உந்த இரும்புக் கோபுரத்திலை ஏறுங்கோ. நானும் வாறன்."

இரும்புப் படிகளில் ஏற ஏறப் பனி மெலிகிறது. உச்சியில் வானம் திறந்து கிடக்கிறது, முழுநிலாவோடு. லீ நெடுநேரம் பார்க்கிறாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த நிலாப் பணியாரத்தை மூன்றாக வெட்டுகிறாள். அவரிடம் கொடுக்கும்போது தமிழில் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்கிறாள். சொல்கிறேன்.

"சாப்பிடுங்கோ அண்ணை," என்று அவரிடம் நீட்டுகிறாள் லீ.

அவர் சிரித்தபடி இரு கையாலும் வாங்குகிறார். இரண்டு வருடமாகச் சீனம் படிக்கிறேன். ஒரு வாக்கியத்தைக்கூட நான் இத்தனை அழகாகச் சொன்னதில்லை.