உண்ணி பிடுங்கிய விரல்கள்

செம்மறியின் குருதி குடித்துப் பருத்த உண்ணிகளை நாள்தோறும் பிடுங்கி நசுக்குபவள் பாவாயி. மகள் தனப்பிரியாவைப் பெண்பார்க்க வரும் நாளில், பட்டிவாடை நீங்க மும்முறை நீராடினாள்.

"அம்மா, இன்னிக்கு மட்டும் ஆட்டுப் பேச்சே எடுக்காதீங்க. கையி சும்மா இருக்கோணும்," என்று கெஞ்சினாள் மகள்.

சேலத்து மாப்பிள்ளையின் தாய் பட்டுடுத்திப் பொலிந்து அமர்ந்தார். அவர் கழுத்தோரம் ஓர் உண்ணி ஊர்ந்தது. பாவாயி மனத்துள் முருகனை அழைத்தாள். விரல்களோ அவன் வரும்வரை பொறுக்கவில்லை. பிடுங்கி, நகத்தில் வைத்து நசுக்கியேவிட்டாள். கூடமே திகைத்தது. தனப்பிரியா கண்களை மூடிக்கொண்டாள்.

"எங்க பட்டியில இருந்து வந்துருச்சுங்க. மன்னிச்சுக்கோங்க!" என்றாள் பாவாயி.

அந்த அம்மையார் குலுங்கிச் சிரித்தார். "உங்களுது இல்லீங்க சம்பந்தி! எங்க மேச்சேரித் தோட்டத்து ஆட்டுதுங்க. மூணு வாட்டி குளிச்சும் கூடவே வந்துருச்சு! முதுகுலயும் என்னமோ ஊருது, பாருங்க!"