பலெர்மோவில் ஒரு கடுதாசி கூடிப்போயிற்று

செவ்வாய்க்கிழமை காலை 11.40க்கு விமானம் இத்தாலியின் பலெர்மோவில் இறங்கியது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நெட்டுக்குத்தாக ஒரு மொட்டைப் பாறை மலை, இரண்டுக்கும் நடுவே ஓடுபாதையைச் செருகி வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தான் மலையைக் கண்டால் கொஞ்ச நேரம் வாயைப் பிளப்பான். எங்களுக்கு வாய்த்தது கீரிமலை ஒன்றுதான், அதுவும் பெயரில் மட்டும் மலை.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். ரயிலுக்கு ஆறு யூரோ சொச்சம், ஒரு மணி நேரப் பயணம். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்தில் தங்கை சாந்தினியும் அவளுடைய மகள் அபிராவும் நின்றார்கள். சாந்தினி இங்கே வந்து இருபத்திரண்டு வருடம், வீட்டு வேலை. கணவர் நகரத்துக்கு வெளியே ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீன்பிடிக் கிராமத்தில் சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் நிற்கிறார். அபிரா பிறந்தது இந்த நகரத்து ஆஸ்பத்திரியில்தான்.

நான் சுற்றிப் பார்க்க வந்தவன் அல்ல. இத்தாலியில் பிறந்தாலும் வெளிநாட்டவரின் பிள்ளை இத்தாலியப் பிரஜை ஆகாது. பதினெட்டு வயது வரை இடைவெளி இல்லாமல் இங்கேயே வாழ்ந்திருந்தால், பத்தொன்பது முடிவதற்குள் மாநகரசபையில் போய் ஒரு வாக்குமூலம் கொடுத்துப் பிரஜை ஆகலாம். அபிராவுக்குப் பத்தொன்பது முடிய இன்னும் பதினொரு நாள். வெள்ளிக்கிழமை காலை 10.20க்கு அவளுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தீயணைப்புப் படையில் சேரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அந்தப் பரீட்சைக்குப் பிரஜாவுரிமை கட்டாயம். தாய்மாமன் என்று ஒருவன் பக்கத்தில் நிற்க வேண்டாமா என்று நானாகத்தான் புறப்பட்டு வந்தேன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன். கந்தோர் என்றால் எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. கையில் நீலக் கோப்பு ஒன்றும் கொண்டு வந்தேன்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு அபிரா என்னை ஊர் பார்க்கக் கூட்டிப் போனாள். அவர்களுடைய வீடு கபோ சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடி. சந்தையில் வாள்மீனின் தலையை வாள் மேலே நிற்க நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கடலைமாவைத் தட்டையாகப் பொரித்துப் பாண் ரொட்டிக்குள் வைத்து மூன்று யூரோவுக்குத் தந்தார்கள். உப்பும் எலுமிச்சையும் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு செத்தல் மிளகாய்க்குக்கூட வழியில்லை. ஆனாலும் இரண்டு சாப்பிட்டேன்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த இத்தாலி ஒரு சப்பாத்து. மேலே அல்ப்ஸ், நடுவே முதுகெலும்பு போல அப்பெனைன் மலைத்தொடர், விரல் நுனியில் சப்பாத்து உதைக்கப் போகிற கல்லாகச் சிசிலித் தீவு. எட்னா எரிமலை எங்கே என்று கேட்டேன். அது தீவின் மற்றப் பக்கம், இங்கிருந்து தெரியாது என்றாள். எதிரே தெரிந்தது பெல்லெக்ரினோ மலை, அறுநூறு மீற்றர் சுண்ணாம்புப் பாறை. நகரத்தைச் சுற்றி இப்படி மலைகள், நடுவே தட்டையான நிலம். ஒரு காலம் முழுக்க எலுமிச்சைத் தோட்டமாம். இப்போது முழுக்க மாடிவீடு.

கோடையில் தெற்கிலிருந்து சுடுகாற்று அடித்தால் இந்த மலைகள் பற்றி எரியும். ஒரு வருடம் நெருப்பு ஸ்ஃபெர்ராகவால்லோ வீடுகள் வரை இறங்கி வந்ததையும், தகப்பன் வேலை செய்யும் கடைக்குள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு இருந்ததையும் அபிரா சொன்னாள். தீயணைக்கும் ஆசை அன்றைக்குப் பிடித்ததுதான்.

அடுத்து நோர்மன் அரண்மனை. இந்த ஊரை ஆளாதவன் யார்? பினீசியன் வந்தான், உரோமன் வந்தான், அரபுக்காரன் வந்து வாய்க்கால் வெட்டினான், வடக்கே இருந்து நோர்மன் வந்து அரபுக்காரனின் கோட்டையிலேயே குடியேறினான், பிறகு ஸ்பானியன். கடைசியாகச் செஞ்சட்டைக்காரர் ஆயிரம் பேர் கப்பலில் வந்து இறங்கித் தீவை இத்தாலியோடு சேர்த்தார்கள். இவர்களில் ஒருவனும் வதிவுச் சான்றிதழ் காட்டியதாகச் சரித்திரத்தில் இல்லை.

உலகப் போருக்குப் பிறகு வாக்கெடுத்து அரசனை வீட்டுக்கு அனுப்பிக் குடியரசு ஆனார்கள். இருபது பிராந்தியம், அதில் ஐந்துக்கு விசேட அதிகாரம், சிசிலி அவற்றில் ஒன்று. தீவின் சொந்தப் பாராளுமன்றம் அந்த நோர்மன் அரண்மனைக்குள்ளேயே கூடுகிறது. எங்கள் மாகாண சபைக்கு வருடக்கணக்காகத் தேர்தலே இல்லை என்பதை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் இங்கேயும் பெரிதாகக் கிழித்துவிடவில்லை. பிரஜாவுரிமை கேட்பதற்குப் பத்து வருட வதிவு என்பதை ஐந்தாக்கலாமா என்று அண்மையில் நாடு முழுக்கக் கேட்டார்களாம். பாதிப்பேர் வந்தால்தான் செல்லுமாம், மூன்றில் ஒருவர்கூட வாக்களிக்க வரவில்லை, விசயம் அப்படியே செத்துப்போயிற்று. இதைச் சொல்லும்போது அபிராவின் முகத்தில் ஒன்றும் இல்லை. ஐஸ்கிறீம் வேணுமா மாமா என்று கேட்டாள்.

அவளுடைய தமிழைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே பிறந்த மற்றப் பிள்ளைகள் பாதி சிசிலியும் பாதி தமிழுமாக ஒரு கூழ் கதைக்கும். அபிரா கதைத்தால் பருத்தித்துறைப் பிள்ளை என்றுதான் நினைப்பீர்கள். அதற்குக் காரணம் நான். அவளுக்கு நாலு வயதில் சாந்தினிக்கு ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய வீட்டுக்கார அம்மாவின், வீட்டில் தங்கி வேலை கிடைத்தது, பிள்ளையை அங்கே வைத்திருக்க முடியாது. பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பு, தமிழாவது வரும் என்று நான்தான் விடாப்பிடியாக நின்றேன். ஏழு வயது வரை என் வீட்டில் வளர்ந்தாள். இங்கத்தைய வதிவுப் பதிவிலிருந்து அவள் பெயரை யாரும் வெட்டவில்லை. பதிவுப்படி அவள் ஒரு நாளும் பலெர்மோவை விட்டுப் போனதில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு சாந்தினி பெல்லெக்ரினோ மலை ஏறினாள், நானும் கூடப் போனேன். மேலே ஒரு குகைக்குள் சாந்தா ரொசாலியா என்ற புனிதரின் கோயில். நகரத்தைக் கொள்ளைநோயிலிருந்து காத்தவராம். கல் பாவிய பாதை நாலு கிலோமீற்றர். சைவக்காரி, திருநீறு பூசிக்கொண்டு வெறுங்காலோடு ஏறுகிறாள். எங்கடை சனம் எல்லாரும் வருவினம் என்றாள். மூச்சு வாங்க ஒரு வளைவில் நின்றபோதுதான் விசயத்துக்கு வந்தாள்.

"அண்ணை, நாளைக்கு அங்கை நீங்கள் ஒண்டும் கதைக்கக் கூடாது. கேட்டதுக்கு மட்டும் நான் பதில் சொல்லுவன்."

எனக்குச் சுருக்கென்றது. கந்தோர் பழக்கம் எனக்குச் சொல்லித் தருகிறாளா என்று கோபம். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இறங்கும்வரை முகத்தை நீட்டிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை 10.20 என்றது 11.05 ஆயிற்று. மேசைக்கு அந்தப் பக்கம் என் வயதுப் பெண், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நல்ல மனுசி, அபிராவைப் பார்த்துச் சிரித்தார். பாடசாலைப் பதிவுகள், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் அடுக்கினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். சாந்தினி தலையை ஆட்டினாள், கையை விரித்தாள். அபிரா மெதுவாகத் தமிழில் சொன்னதில் எனக்கு விளங்கியது இதுதான்: நாலிலிருந்து ஏழு வயது வரைக்கும் ஏதாவது ஒரு அத்தாட்சிக் கடுதாசி இருக்கிறதா, சின்னது என்றாலும் பரவாயில்லை. வீடு மாறியபோது தொலைந்துவிட்டது என்று சாந்தினி சொல்லியிருக்கிறாள்.

என் உடம்பில் முப்பத்தொரு வருடம் துள்ளி எழும்பியது. எங்கள் கந்தோரில் ஒரு கடுதாசி குறைந்தால்தான் ஆளைத் திருப்பி அனுப்புவோம். என் கையில் இருப்பது எந்த ஊர்க் கடுதாசி என்று யோசிக்காமல் நீலக் கோப்பைத் திறந்தேன். யாழ்ப்பாணத்துப் பாடசாலையில் அபிரா மூன்று வருடம் படித்ததற்கான அதிபரின் சான்றிதழ், வரவு நாட்களோடு. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்து, மூன்று முத்திரை வாங்கி வைத்திருந்தேன்.

"மாமா, வேண்டாம்," என்றாள் அபிரா. மெல்லத்தான் சொன்னாள், ஆனால் எனக்குக் கேட்டது. பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு மேசையில் வைத்தேன்.

அந்த அம்மா வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். பிறகு கடுதாசியைத் திருப்பி, விரலால் மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடமாவது இருக்கும். அந்த ஒரு நிமிடம் அவர் எனக்காகத் தந்தது. எடுத்து மடித்துக் கோப்புக்குள் வைத்திருந்தால் முடிந்திருக்கும். மடையன் நான், முத்திரையை அவர் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். கடுதாசியைத் திரும்ப அவர் பக்கம் தள்ளி, முத்திரை மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார். குறுகிய காலம் வெளியே போயிருந்தால் பரவாயில்லையாம், மூன்று வருடம் குறுகிய காலம் இல்லையாம். அபிரா எனக்கு ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னாள். இனி எல்லாரையும்போல விண்ணப்பம் போடவேண்டும், பதில் வர இரண்டு மூன்று வருடம். சாந்தினி என்னை ஏசவில்லை. சிஞ்ஞோராவுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்க நேரமாகிறது என்று வேலைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 3.10 ரயிலுக்கு அபிரா மட்டும் வழியனுப்ப வந்தாள். மலைக்குமேல் முகில் இல்லாத வானம், மெல்லிய சுடுகாற்று. ஒரு கடுதாசி குறைவு என்று கச்சேரி வாசலில் நான் திருப்பி அனுப்பிய சனத்தை நினைத்தேன். அவர்கள் அடுத்த கிழமை அந்தக் கடுதாசியோடு வந்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். கூடிப்போன கடுதாசியோடு எங்கே போய் நிற்பது? கோபமா பிள்ளை என்று கேட்டேன். என் பெட்டியை ரயிலுக்குள் ஏற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றாள். நான் சொல்லிக்கொடுத்த அதே தமிழில், ஒரு இத்தாலிச் சொல் கலக்காமல் சொன்னாள்:

"கோவமில்லை மாமா. நீங்கள் எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ. ஆனா எனக்கெண்டு இனி ஒண்டும் கொண்டு வராதேங்கோ."