போயா நாளில் ஒரு முட்டை ஆம்லெட்

என் மனைவியின் அம்மா முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. மலைநாட்டில் நோர்வூட் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்க வந்தவள். நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அதே லயத்தில் இருந்துகொண்டு த்ரீவீலர் ஓட்டுகிறவன். மகள் லயத்துக்கு வாழ்க்கைப்பட்டதை மாமியால் ஜீரணிக்க முடியவில்லை. கல்யாணமாகிச் சில வருஷமாகியும் மகளோடு மட்டும்தான் போனில் பேசுவார். என்னோடு ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது கண்டியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை, பள்ளிக்கூடம் லீவு. “காலமை வந்து பாத்திட்டுப் பின்னேர பஸ்ஸிலயே திரும்பிடுவன்” என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். கூட்டிவர விடியவே ஹட்டனுக்குப் புறப்பட்ட மனைவி, “நீங்க ஒண்டும் சமைக்க வேண்டாமப்பா, தேத்தண்ணி போதும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்கு அது எப்படிப் போதும்? மாமி எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டால் அப்புறம் உறவு தானாக வந்துவிடும் என்று நம்பினேன். போயாவுக்கு இறைச்சிக்கடை எல்லாம் பூட்டு. அதனாலென்ன, எங்கள் குடும்பத்து ஆம்லெட் இருக்கிறதே.

எங்கள் வீட்டில் ஆம்லெட் ஆண்களின் சொத்து. பெண்கள் விடியற்காலையிலேயே வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலையேறி விடுவார்கள். பெரட்டு இல்லாத நாளிலாவது அவர்கள் அடுப்பைத் தொடக் கூடாது என்று தாத்தா ஒரு சட்டம் போட்டார். சட்டம் போட்டவருக்குச் சமைக்கத் தெரிந்தது ஆம்லெட் ஒன்றுதான். அதுவும் வீட்டுக் கோழி இட்ட ஒரே முட்டையில், வீடு நிறைய இருந்த ஆட்களுக்கு. அவரிடமிருந்து அப்பாவுக்கு வந்தது, அப்பாவிடமிருந்து எனக்கு. இன்று கடையில் வேண்டிய மட்டும் முட்டை வாங்கலாம். ஆனால் இரண்டாவது முட்டை விழுந்தால் அது ஊரார் ஆம்லெட்.

கோதுமை மாவைத் தண்ணீரில் கரைக்கக் கூடாது. பால் சேர்க்காத ஆறிய பிளேன்டீயில் கரைக்க வேண்டும், அப்போதுதான் வெளுத்த மாவுக்கு ஒரு நிறமும் மணமும் வரும். பிறகு பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு பிடி துருவிய தேங்காய்ப்பூ, உப்பு. முட்டையைத் தனியே நுரை பொங்க அடித்து, கடைசியில் சேர்த்து, சேர்த்த கையோடு ரொட்டிக்கல்லில் ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் நுரை செத்து ஆம்லெட் ரொட்டியாகிவிடும். ஆகவே எல்லாவற்றையும் அரிந்து வைத்துவிட்டு, கையில் கோப்பையோடு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “என்னா தம்பி, இன்னைக்குத்தான் பொண்ணு பாக்க வர்றாங்களா?” என்று கேலி செய்தார்.

கீழே வளைவில் பஸ் நின்றது. இரண்டு குடைகள் இறங்கின. ஓடிப்போய் முட்டையை உடைத்தேன். அப்படி ஒரு அடி நான் வாழ்க்கையில் அடித்ததில்லை. கல்லில் ஊற்றியதும் சுற்றிவரப் பொங்கி எழும்பியது பாருங்கள், அப்பாவுக்குக்கூட அப்படி வந்ததில்லை. வாசம் லயம் முழுக்கப் போயிருக்கும். திருப்பிப் போட்ட நேரம் இருவரும் படியேறினார்கள்.

“வாங்க மாமி, உள்ள வாங்க, ஒக்காருங்க. சூடா ஆம்லெட் தாறேன்.”

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. அடுப்படிக்கு வந்து அடிக்குரலில், “என்னப்பா செய்து வச்சிருக்கிறீங்கள்? இண்டைக்கு வெள்ளிக்கிழமை” என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. வெள்ளிக்கிழமையில் மாமி மீன், இறைச்சி, முட்டை எதையும் தொடமாட்டார் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நாங்கள் கிழமையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை. பெரட்டு உண்டா இல்லையா, அவ்வளவுதான் எங்கள் கலண்டர். பெரட்டு இல்லையென்றால் அது ஞாயிறுதான். போயா வெள்ளியில் வந்து விழுந்ததை நான் நினைத்தே பார்க்கவில்லை. இத்தனை காலம் கழித்து வந்தவரை விரத நாளில் முட்டை வாசத்தோடு வரவேற்ற மருமகன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

மாமி எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்தார். திரும்பிப் போகத்தான் எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கல்லையே பார்த்தார்.

“மாவுக்கு என்ன விட்டனீங்கள் தம்பி? தேயிலை மணக்குது.”

தம்பி என்று அழைத்த முதல் தடவை அதுதான். “பிளேன்டீங்க மாமி” என்றேன். அதற்குப் பிறகு என் வாயை என்னாலேயே மூட முடியவில்லை. ஒரு முட்டைக் கதை, தாத்தாவின் சட்டம், லீவு நாளில் பெண்கள் அடுப்பைத் தொடாதது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தேன். மனைவி கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தாள். நான் நிறுத்தவில்லை.

மாமி மகளைப் பார்த்தார். “அப்ப லீவு நாளில நீ சமைக்கிறேல்லையோ?”

“இல்லையம்மா. இவர்தான்.”

“உன்ர அப்பா ஒருநாளும் எனக்கு ஒரு தேத்தண்ணி வச்சுத் தந்ததில்லை” என்றார் மாமி. கோபமாகச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார். “இண்டைக்கு எனக்குச் சாப்பிட ஏலாது தம்பி. நாளைக்குக் காலமை இதே மாதிரிச் சுட்டுத் தாங்கோ.”

மனைவி திகைத்துப் போனாள். “அப்ப பின்னேர பஸ்?”

“பஸ் நாளைக்கும் ஓடும்தானே. எனக்குப் படுக்க ஒரு பாய் இருக்கோ?”

“இருக்குங்க மாமி” என்று நான் சொன்ன சத்தம் லயத்தின் கடைசி வீடுவரை கேட்டிருக்கும்.