பொங்காலைக்குப் பிறகு சர்வீஸ்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். ஆற்றுகால் அம்மனுக்குப் பெண்கள் தெருவில் அடுப்பு கூட்டிப் பொங்கலிடுகிற பொங்காலையின் புகையை நான் குறை சொல்வதாக யாராவது நினைத்துவிட்டால்? அந்தப் பயம்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வேறு. பேனாவைவிட ஸ்குரூ டிரைவர்தான் என் கைக்குப் பழக்கம். இன்று காலை எங்கள் கரமனை வீட்டு ஏ.சி.யைக் கழுவ ஆட்கள் வந்தார்கள். மூடியைத் திறந்ததும் நனைந்த தூசியின் மணம் வந்தது பாருங்கள், அது என்னை எண்பதுகளின் ஒரு மாசி மாதத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அப்போது சாலைக் கடைத்தெருவில், திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவரின் ஏ.சி. ரிப்பேர் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். நாகர்கோவிலிலிருந்து கல்யாணம் ஆன கையோடு வந்தவன். இந்த மலையாளத்து ஊரின் வழக்கம் ஒன்றும் தெரியாது. புது ஆட்களுக்கு அண்ணாச்சி ஒரே ஒரு பரீட்சைதான் வைப்பார். "லே, இந்தக் கோடையில நீ கழுவுன மெஷின் எதுக்கும் மறுபடி ரிப்பேர்னு போன் வரப்படாது. வந்துச்சுன்னா நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டு ஒனக்குத் தெரியும்லா?"

ஏ.சி. குளிரை உண்டாக்குகிறது என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை வாங்கி, முதுகு வழியாகத் தெருவில் தள்ளுகிறது, அவ்வளவுதான். முதுகில் இருக்கும் அலுமினியத் தகடுகள் அடைத்துக்கொண்டால் சூடு போக வழியில்லாமல் மெஷின் நின்றுவிடும். அதனால்தான் கோடைக்கு முன்னால் கழுவுவது.

மணக்காட்டில் ஒரு பல் டாக்டரின் ஜன்னல் மெஷினை, பொங்காலைக்கு முந்தின நாள் நான் கழுவினேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவி, வளைந்த தகடுகளைச் சீப்பால் நிமிர்த்தி, கடல் காற்று அரிக்காமலிருக்க எண்ணெயும் தடவினேன். வீட்டில் போய்ப் பெருமை பேசாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் என் மனைவி செல்லம்மை அடுப்புக்கு இடம் பிடித்தது சரியாக அந்த மெஷினுக்குக் கீழே. ஜன்னல் மெஷின் சொட்டுகிற தண்ணீரால் அங்கே தரை குளிர்ந்திருக்கும்.

"ஊரெல்லாம் வெயில்ல கெடக்கு. நீங்க தொடச்ச மெஷின்லா, நமக்கு இல்லாத எடமா?" என்றாள். செங்கல் வைத்தாள், புதுப்பானை வைத்தாள். அடுப்புக்கு அடுப்பு கைமாறி வந்த தீயை வாங்கித் காய்ந்த தென்னம்பாளைக் கொதும்பில் மூட்டினாள். புகை நேராக மேலே, மெஷினின் முதுகுக்குப் போனது. நான் தண்ணீர்க் குடத்தை அடுப்புப் பக்கத்தில் இறக்கி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வாசலுக்கு வந்து மலையாளத்தில் கேட்டார். "இன்னலெ சர்வீஸ் செய்த ஆளல்லே நீ? மெஷின் நின்னுபோயி. ஞான் கடைக்கு போன் செய்யான் போகுன்னு."

உள்ளே ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு, மெஷினை இழுத்து அதன் முதுகைப் பார்த்தேன். நான் தடவிய எண்ணெயில் சாம்பல் சந்தனக் காப்பு மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. புகை அடங்காமல் மறுபடி கழுவியும் பயனில்லை.

டாக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஆ அடுப்பு கொறச்சு மாற்றிக்கூடே?"

"தீ ஏத்தியாச்சு சார். இனி கோயில்ல இருந்து வந்து தீர்த்தம் தெளிக்கது வரை அடுப்ப எடத்த விட்டு அனக்கப்படாது."

"ஆருடெ அடுப்பா அது?"

"எனக்க வீட்டுக்காரிக்க அடுப்பு சார்."

"எந்தினா நேர்ச்ச?"

எதற்காக நேர்ந்துகொண்டாள் என்று கேட்டால் வேறு என்ன சொல்ல? "எனக்க வேலை நிரந்தரமாகணும்னு."

டாக்டர் என்னைப் பார்த்தார், கீழே கண்ணைக் கசக்கிக்கொண்டு பானையைக் கிண்டுகிறவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அப்புறம் நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் சாய்ந்து, பேப்பரை மடித்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். தீர்த்தம் தெளிக்க வரும்வரை அப்படியே வியர்த்துக்கொண்டு கிடந்தார்.

தீர்த்தம் விழுந்து பானையை இறக்கியதும், நான் வேட்டியை மடித்துக்கட்டி, சோப்புத் தண்ணீரால் மெஷினை மறுபடி கழுவினேன். அந்நேரம் பார்த்துத் தன் வீட்டாருக்குப் பானை தூக்க வந்த அண்ணாச்சி அந்த வழியாக வர வேண்டுமா?

"என்னலே, நல்ல நாளும் அதுவுமா மெஷினைக் குளிப்பாட்டுத?"

நான் சொல்வதற்குள் டாக்டர், வாய் நிறையச் செல்லம்மையின் பாயசத்தோடு, ஜன்னலில் தலையை நீட்டினார். "கம்ப்ளெயின்ட் ஒன்னும் இல்லா அண்ணாச்சி. பொங்காலைப் புகையல்லே. இவன் பின்னெயும் கழுவித் தந்நு."

அண்ணாச்சி செல்லம்மையின் அடுப்பைப் பார்த்தார், சுவரில் புகைக்கறையைப் பார்த்தார். "இனிமே இந்தப் பக்கத்து மெஷினெல்லாம் பொங்காலைக்குப் பெறகுதான் கழுவணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். 'இனிமே' என்றாரே, அதிலேயே என் வேலை நிலைத்துவிட்டது என்று செல்லம்மைக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எனக்குப் பங்குனியில் அண்ணாச்சி வேலையை நிரந்தரமாக்கியபோதுதான் தெரிந்தது.

இப்போது அந்த வீடு இல்லை, டாக்டரும் இல்லை. அந்த இடத்தில் ஃபிளாட். மெஷின்களின் முதுகெல்லாம் மொட்டை மாடிக்குப் போய்விட்டது. தெருவில் சொட்டுத் தண்ணீர் விழுகிற இடமே கிடையாது. செல்லம்மை இன்றும் பொங்காலை இடுகிறாள், வெயிலில்.

இதை நீங்கள் யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அம்மன் மெஷினை ஓட வைத்தாள் என்று சேர்த்துவிட வேண்டாம். அது நின்றது எங்கள் அடுப்புப் புகையால். ஓடியது சோப்புத் தண்ணீரால். அந்த மனுஷர் போனைத் தொடாமல் வியர்த்துக்கொண்டு கிடந்தாரே, அம்மனை நான் பார்த்தது அங்கேதான்.