பொன்னம்மாவின் பாதிச் சுருட்டு

வெள்ளவத்தையில் பஸ் என்னை இறக்கிவிட்டபோது காலை ஐந்து மணி. முதல்நாள் இரவு எட்டு மணிக்குக் கொடிகாமத்தில் ஏறினேன். முந்நூற்று எழுபது கிலோமீற்றர் என்று கண்டக்டர் சொன்னார். என் முழங்கால் அதைவிடக் கூடச் சொன்னது. ரிக்கற் இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய். அந்தக் காசுக்கு ஏசி, ஒரு போர்வை, முன்னால் ஒரு படம். படத்தில் செத்துப்போன ஒருவர் இடைவேளைக்குப் பிறகு மீசையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். எங்கள் ஊரில் மீசை வைத்தவர்கள் எத்தனையோ பேர் செத்தார்கள். ஒருவரும் அப்படி வரவில்லை.

நானும் ஒரு சாவுக்குத்தான் வந்தேன். பொன்னம்மா கொடிகாமம் சந்தையில் தேங்காய் விற்றவள். பக்கத்தில் நான் மாம்பழம் விற்றேன். நாற்பது வருசம் அருகருகே இருந்து ஒருவர் வியாபாரத்தை ஒருவர் கெடுத்தோம். மூன்று வருசத்துக்கு முன் மகன் குகன் அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். போன வியாழன் காலமானாள். எனக்குச் செய்தி வந்து நான் சேலை மடிக்கும் முன்பே கனத்தைச் சுடலையில் எரித்து முடித்துவிட்டார்கள். கொழும்பில் எல்லாம் கெதியாய் நடக்கும்.

ஆனால் எட்டு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து இலையில் படைப்போம். மீன் பிடித்தவருக்கு மீன், சாராயம் பிடித்தவருக்குச் சாராயம். பொழுதுபட்டதும் அதைச் சந்தியில் கொண்டுபோய் வைத்து, தேங்காய் உடைத்து, திரும்பிப் பாராமல் வருவோம். பொன்னம்மாவுக்குப் பிடித்தது சுருட்டு. சண்டை நேரம் இடம்பெயர்ந்து ஓடியபோது ஊரெல்லாம் நகையையும் காணி உறுதியையும் தூக்கியது. அவள் ஒரு கையில் சுருட்டுக் கட்டும் மறு கையில் மகனின் கணக்குப் புத்தகமும் கொண்டு ஓடினாள். சுருட்டு இல்லாத இலையைப் பார்த்தால் அவள் எழும்பி வந்து என்னைத்தான் ஏசுவாள். அதனால் என் பையில் கருவாடு ஒரு பொட்டலம், சுருட்டு ஒரு கட்டு.

பையைத் தூக்கியபோது தண்ணீர் ஒழுகியது. ஏசியின் தண்ணீர் இரவு முழுக்க நேரே அதற்குள் சொட்டியிருக்கிறது. கருவாடு தப்பிவிட்டது, அது கடலில் இருந்து பழகியது. சுருட்டு ஊறிக் கூழாகிவிட்டது. கண்டக்டரிடம் காட்டினேன்.

"ஏசி வேலை செய்யுதெண்டு சந்தோசப்படுங்கோ அம்மா. மற்ற பஸ்ஸில அதுவும் இல்லை" என்றார்.

காலை ஆறு மணி. குகனின் வீடு கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், நாலாம் மாடியில். லிப்டில் ஏறினேன். எந்தப் பொத்தானை அமத்தினேனோ, முதலில் கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்த்தான் பிறகு மேலே போனேன். குகன் கணக்காளர், தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் காலில் விழப் பார்த்தான், வேண்டாம் என்றேன். மருமகள் சாந்தி தேத்தண்ணி தந்தாள். சுவரில் பொன்னம்மாவின் படம். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம். உயிரோடு இருந்த நாளில் அவள் விபூதி பூசியது காய்ச்சல் வந்தால் மட்டும்தான்.

இலைக்கு என்ன சமையல் என்று கேட்டேன். கடையில் சொல்லியிருக்கிறார்களாம். சாம்பார், வெண்டிக்காய்க் குழம்பு, வடை, பாயாசம். நான் கருவாட்டுப் பொட்டலத்தை மேசையில் வைத்து, சுருட்டுக்கு வந்த கதியையும் சொன்னேன். சாந்தி கதவைச் சாத்திவிட்டு மெல்லக் கதைத்தாள்.

"பெரியம்மா, பின்னேரம் என்ர ஆக்கள் வருவினம். மாமி இஞ்ச வந்து அதெல்லாம் விட்டிட்டா. செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு ஒருக்காலும் தவறாமல் போவா. அவவைப் பற்றி எல்லாரும் நல்லாக் கதைக்கினம். அதைக் கெடுக்க வேண்டாம்."

குகன் வாழையிலை நுனியைக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தான்.

நான் பொட்டலத்தை மேசையிலேயே விட்டேன். ஆனால் பொன்னம்மா எனக்குப் போனில் அந்தோனியாரைப் பற்றிச் சொல்லியிருந்தாள். 155 பஸ்ஸில் போய்க் கொட்டாஞ்சேனையில் இறங்க வேண்டும். பாமசிக்கு அடுத்த ஒழுங்கையில் சலூனை ஒட்டிய பச்சைக் கதவுக் கடை. "அந்தோனியார் அங்கதான் இருக்கிறார். நல்ல காரமாய் இருக்கிறார்" என்று சொல்லிச் சிரித்து இருமினாள். கடைத்தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பையை எடுத்தேன்.

காலை பத்து மணி. காலி வீதியில் 155 வந்தது. எனக்குத் தெரிந்த சிங்களம் "கீயத" மட்டும். விலை கேட்கத் தெரிந்தால் நாடு முழுக்கச் சுற்றலாம். கண்டக்டர் பொடியன் எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, "வாடிவென்ன ஆச்சி" என்று ஒருவரை எழுப்பிவிட்டு எனக்கு இடம் தந்தான். எழும்பியவர் என்னை முறைத்தார், நான் கண்ணை மூடி இன்னும் பத்து வயது கூட்டிக்கொண்டேன். பம்பலப்பிட்டியில் பாதிப் பஸ் இறங்கியது. மருதானையில் அதற்கு மேல் ஏறியது. கொட்டாஞ்சேனைக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. வெள்ளவத்தையில் ஆட்கள் மெல்லக் கதைக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவரோடு இந்தப் பக்கம் நின்று கதைக்கிறார்கள். இறங்கியதும் எனக்குச் சந்தைக்கு வந்தது போல இருந்தது.

பச்சைக் கதவு சொன்ன இடத்திலேயே இருந்தது. பேப்பர், வெற்றிலை, சோடா, கண்ணாடிப் போத்தலில் சுருட்டு. கடைக்காரர் ஐம்பது வயது மட்டில் ஒரு மலைநாட்டு ஆள், பெயர் செல்வராஜ். சுருட்டு என்ன விலை என்றேன். ஒன்று ஐம்பது ரூபாய் என்றார். கொடிகாமத்தில் இந்த விலைக்கு இரண்டு வாங்கலாம் என்றேன்.

அவர் போத்தலை மூடினார்.

"கொடிகாமமா? அம்மா, புளிச்ச மாங்காய கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணி இனிப்புன்னு விக்கிறவங்க நீங்கதானா?"

செத்தும் அவள் என் வியாபாரத்தை விடவில்லை. நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். செல்வராஜ் சிரித்துக்கொண்டே கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். ஒரு முடுக்கு, சுவரோடு ஒரு ஸ்டூல். செவ்வாய்க்கிழமையில் பொன்னம்மா அதில் இருந்துதான் புகைத்தாளாம். ஸ்டூலைத் துடைத்து என்னை இருக்கச் சொன்னார்.

"போன செவ்வாய் பாட்டியம்மா வரல. அதுக்கு முந்தின செவ்வாய் வந்தாங்க, கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. மழைன்னு நின்னுட்டாங்களோன்னு நினைச்சேன். மேலுக்கு முடியலையா?"

இதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் நான் யோசித்திருக்கவில்லை. இன்றைக்கு அவளுக்கு எட்டு என்றேன். அவர் கடைப் பக்கம் திரும்பினார். யாரோ சோடா கேட்டார்கள். இல்லை என்றார். சோடா அடுக்கி இருந்தது.

பிறகு எனக்குப் பிளேன்ரீ வாங்கித் தந்து, பக்கத்தில் ஒரு பெட்டியில் குந்தினார். அவர் கொடிகாமத்தைக் கண்டதில்லை, வவுனியாவுக்கு அங்கால் போனதுமில்லை. ஆனால் சந்தையில் யார் எந்த மூலையில் இருந்தார்கள் என்று தெரிந்து வைத்திருந்தார். சைக்கிள் கடைச் சின்னத்தம்பி எப்படி என்று கேட்டார். எதைக் கொடுத்தாலும் "நாளைக்கு வா" என்பவர். அவரும் போய்விட்டார் என்றேன். நெஞ்சு நோகுது என்றார், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றோம், நாளைக்கு என்றார். கொடுத்த சொல்லை அன்றைக்கும் காப்பாற்றவில்லை. என் மருமகனின் சைக்கிள் இன்னும் அங்கே கிடக்கிறது.

"அப்ப வரி எடுக்கிற கந்தையா?"

கந்தையா தேத்தண்ணிக் கடைக்காரர். சந்தையில் இருந்தபடி பொன்னம்மா சின்னப் பொடியனாய் இருந்த குகனிடம் சுருட்டைக் கொடுத்து, கந்தையாவின் அடுப்பில் பற்றவைத்து வா என்று அனுப்புவாள். திரும்பி வரும்போது சுருட்டு கட்டையாகியிருக்கும். பொடியனின் கண் சிவந்திருக்கும். அவள் ஒருநாளும் அவனைக் கேட்டதில்லை. சந்தைக்கே கேட்கிற மாதிரி, "கந்தையா இண்டைக்கும் மூண்டு இழுவை வரி எடுத்திட்டான்" என்பாள். பாவம் கந்தையா, பீடியும் தொடாத மனுசன், அந்தப் பழியோடு வாழ்ந்து அந்தப் பழியோடு போனார். அவர் கடையில் இப்போது போனுக்குக் கவர் விற்கிறார்கள்.

செல்வராஜ் ஒவ்வொருவருக்கும் "அவரும் போயிட்டாரா" என்றார். காணாத ஊரில் அவருக்கு ஒரே நாளில் இத்தனை செத்தவீடு. எழும்பினேன். அவர் சுவர்த் தட்டில் இருந்து ஒரு பால்மா டின்னை இறக்கினார். உள்ளே ஒரு பாதிச் சுருட்டு.

"ஒன்னு முழுசாக் குடிப்பாங்க. ரெண்டாவதுல பாதியோட அணைச்சிருவாங்க. அடுத்த கிழமை வரணும்ல, அதுக்குன்னு வைச்சிட்டுப் போவாங்க. இது கடைசியா வந்த அன்னைக்கு வைச்சது."

புதுச் சுருட்டுக்கு நான் காசை நீட்டினேன். இதுதானே அவங்களோடது என்று டின்னை மட்டும் என் பையில் வைத்துவிட்டார். காசை வாங்கவில்லை.

மாலை நான்கு மணி. சாந்தியின் ஆட்கள் வந்தார்கள். எட்டுப் பேர் இருக்கும். பொன்னம்மா எவ்வளவு பக்தி, எவ்வளவு அமைதி என்று சொன்னார்கள். அமைதி என்றபோது நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன். அவள் கொடிகாமத்தில் தேங்காய் விலை சொன்னால் பளை ஊர் வரைக்கும் கேட்கும். இலை படைத்தார்கள். டின் என் மடியில் பைக்குள் இருந்தது. பையைத் திறக்கப் போனபோதெல்லாம் சாந்தி என்னைப் பார்த்தாள். கற்பூரம் காட்டி முடிந்துவிட்டது, நான் திறக்கவில்லை. பொன்னம்மா படத்தில் விபூதியோடு என்னையே பார்த்தாள்.

ஆட்கள் போனபோது ஆறு மணியாகிவிட்டது. காலி வீதிச் சந்தியில் சோறு வைத்தால் பொலிஸ் பிடிக்கும் என்று, இங்கே எல்லோரும் கடலுக்குத்தான் கொண்டுபோகிறார்களாம். பெண்கள் போவதில்லை என்று சாந்தி சொன்னாள். எனக்குக் கடலில் ஒரு அலுவல் இருக்கு பிள்ளை என்று செருப்பைப் போட்டேன். அவள் என் பையைப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்து படைத்ததைக் கட்டி வைத்த பெட்டிக்குள் வைத்தாள். நான் கொண்டுவந்த கருவாடு, பொரித்தது.

"யன்னல் எல்லாம் பூட்டிப்போட்டுப் பொரிச்சனான். பக்கத்து வீட்டில பொரிச்சால் மாமி பல்கனியில போய் நிப்பா. என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை."

ஒழுங்கையால் இறங்கி, மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்தையும் தாண்டினால் கல்லும் கடலும். நானும் குகனும் மட்டும். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு தட்டையான கல்லைப் பார்த்து இலையை விரித்தான். தேங்காயை உடைத்தான். பிறகு என் பக்கம் கையை நீட்டினான்.

"பெரியம்மா, அதைத் தாங்கோ."

"எதை?"

"காலமை உங்கட பையில கருவாட்டு மணமும் ஈரப் புகையிலையும். இப்ப காய்ஞ்சது மணக்குது."

கொடுத்தேன். டின்னைத் திறந்து பாதிச் சுருட்டைக் கண்டதும் அதைக் கையில் எடுக்காமல் குனிந்து மணந்தான்.

"அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த நூறு ரூபா தா எண்டு கேப்பா. நான் இருநூறு குடுப்பன்."

"அப்ப உனக்குத் தெரியும்."

"எனக்கு மெழுகுதிரி மணம் தெரியாதே, பெரியம்மா?"

நெருப்புக்குச்சி இரண்டு காற்றில் அணைந்தது. மூன்றாவதுக்கு அவன் கல்லோடு குந்தி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் குவித்துச் சுருட்டை வாயில் வைத்தான். அந்தக் குச்சியிலேயே பிடித்துவிட்டது. மூன்று தரம் இழுத்தான், இருமவில்லை. பிறகு அதை இலையின் ஓரத்தில், கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றான். புகை கல்கிசைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

திரும்பிப் பாராமல் தண்டவாளம் வரைக்கும் வந்தோம். அங்கே ஒரு ரயிலுக்காக நிற்க வேண்டி வந்தது. ரயிலுக்கு முன்னால் நிற்கும்போது மனிதன் எந்தப் பக்கம் பார்ப்பான் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். இருட்டில் சிவப்பாய் ஒரு பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

வெள்ளி இரவு அதே பஸ், அதே இரண்டாயிரத்து எழுநூறு. பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். கொழும்பில் ஒருவரைப் பற்றி எட்டுப் பேர் கதிரையில் இருந்து நல்லதாக ஐந்து நிமிசம் சொல்கிறார்கள். கொடிகாமத்தில் சந்தை முழுக்கக் கூடி, நல்லதும் கெட்டதும் நடக்காததும் சேர்த்து ஒரு மாதம் சொல்லும். நான் போகிற நாளைக்கு எனக்கு ஒரு மாதம்தான் வேண்டும். புளிச்ச மாங்காயையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

சனி விடிய இறங்கி நேரே சந்தைக்குப் போனேன். பொன்னம்மாவின் இடத்தில் இப்போது தேங்காய் விற்கும் பிள்ளை தலையை நிமிர்த்தி, எல்லாம் முறையாய்ச் செய்தவையோ, சுருட்டு வைச்சவையோ என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்களும் தராசை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"வைச்சவை பிள்ளை" என்றேன். "மூண்டு இழுவை வரி போகத்தான் வைச்சவை."