கயிறில்லாமல் வாங்கி வந்த ஸ்டீல் கிட்டார்

என் மனைவி கோபித்துக்கொண்டு சேந்தமங்கலத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போனதற்குக் காரணம் ஓர் இசைத்தட்டு. யுத்த காலம். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. பரமத்தி வேலூரில் எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பக்கத்துக் காபி ஓட்டல்காரர், வாசலில் கிராமபோன் பெட்டியை வைத்துப் பாட்டே இல்லாத ஒரு தட்டை ஓடவிட்டார். ஏதோ ஒரு கம்பி அழுதுகொண்டே வழுக்கிப் போவது போலிருந்தது. ஸ்டீல் கிட்டார் என்றார். என் மனைவி தலையிலிருந்த வெற்றிலைக் கூடையை இறக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "பூன கெணத்துல உழுந்துட்டாப்பல இருக்குது" என்றேன். ஓட்டலே சிரித்தது. "உங்களுக்கு எதுதானுங்க சிரிப்பில்ல?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டாள்.

கொஞ்ச நாள் வீறாப்பாக இருந்தேன். என் சமையலை நானே சாப்பிட வேண்டி வந்ததும் வீறாப்பு இறங்கிவிட்டது. ஆள் அனுப்பினேன். பதில் வந்தது: "அந்தப் பூனயக் கொண்டாரட்டும், அப்பறம் பேசலாம்."

கப்பல் வராத காலத்தில் புதுசு எங்கே கிடைக்கும்? சேலத்துக் கடைகளில் பழசு தேட வேண்டியதுதான். பழசு வாங்கப் போகிறவன் தரகர் இல்லாமல் போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து ஆட்களின் எலும்பில் இருப்பது. எனக்குத் தெரிந்த தரகர் ஒருவர்தான். மாட்டுத் தரகர்.

"பாட்டுப் பொட்டிங்களா சாமி? அதப் பத்தி எனக்கென்ன தெரியும்" என்று இழுத்தவர், "பழசுதானுங்களே?" என்றார். ஆமாம் என்றேன். "பழசுன்னா எல்லாம் ஒண்ணுதான். வாங்க போலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

முதல் கடையில் ஆர்மோனியம்தான் இருந்தது. இரண்டாவது கடையில் ஒரு கிட்டார் இருந்தது. ஆனால் அதன் வயிற்றுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. தரகர் குனிந்து பார்த்துவிட்டு, "கன்னோட தர்றாப்பலங்களா?" என்று கேட்டார். கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில், ஆர்மோனியம் பழுது பார்க்கும் ஒருவரிடம் சரக்கு கிடைத்தது. சீமைக்குப் போன ஏற்காட்டுத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனதாம். கடைக்காரர் அதை மடியில் படுக்கவைத்து, விரல் நீளத்துக்கு ஓர் இரும்புக் கட்டியைக் கம்பிகள்மேல் இழுத்தார். அதே அழுகை! இவ்வளவு அழகான பூனையை நான் கேட்டதே இல்லை.

நான் உடனே தலையாட்டப் போனேன். தரகர் என் காலை மிதித்தார். அப்புறம் கிட்டாரின் முதுகைத் தடவிச் சுழி பார்த்தார். கழுத்தை அமுக்கினார். கம்பிகளை எண்ணி, "ஆறு பல்லுங்க. நல்ல வயசு. ஆனா வயிறு காலியா இருக்குது, தீனி எடுக்கறதில்லியா?" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

விலை பேசத் துண்டைக் கைமேல் போட்டு, அடியில் கடைக்காரரின் விரல்களைத் தரகர் பிடித்தார். சந்தையில் அப்படித்தான், எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரியும். கடைக்காரருக்குத் தெரியவில்லை. "ஐயா, எதுக்குக் கையப் புடிக்கிறீங்க? விடுங்க, முடிஞ்சதக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்று வேர்த்துப் போனார். இவ்வளவு சுருக்காக ஒரு வியாபாரம் முடிந்து தரகர் பார்த்ததில்லை.

கிளம்பும்போது கடைக்காரர் அந்த இரும்புக் கட்டியை நீட்டினார். தரகர் பதறி அதைத் திருப்பி அவர் கையிலேயே வைத்து மூடினார். "கயிறு வித்தவருக்குங்க. அத வாங்குனா உங்க பட்டி வெளங்காது." மாட்டை விற்றாலும் கயிற்றை விற்பதில்லையே; வாங்குகிறவன் வீட்டுக் கயிற்றில்தான் மாட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நானும் பெரிய மனுஷனாக, "ஆமாங்க, அதுதான் மொற" என்றேன்.

சேந்தமங்கலத்தில் மாமனார் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, என் மனைவி எதிரில் கிட்டாரை மடியில் கிடத்தியபோதுதான் அந்த இரும்புக் கட்டி நினைவுக்கு வந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். கம்பிகள் பலகையைத் தொடாமல் உயரத்தில் நின்றன. டொக் என்றது. இன்னொரு கம்பி, இன்னொரு டொக். சட்டை நனைந்துவிட்டது.

"இதானுங்களா அது?" என்றாள்.

"கயிறு... அதாவது இரும்பு... சேலத்துல..." என்று இழுத்தேன்.

அவள் என் மடியிலிருந்து கிட்டாரை வாங்கிக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். அவள் அம்மாவின் வெற்றிலை உரலில் இருந்த சின்ன இரும்பு உலக்கையை எடுத்துத் துடைத்துக் கம்பிமேல் இழுத்தாள். அழுகை வந்தது. அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்கு உயிர் வந்தது.

"சரி, பொறப்படலாமா?" என்றேன்.

"பழகிட்டுத்தான் வருவனுங்க. நீங்க போங்க" என்றாள்.

இரண்டு நாளாக உலக்கையைக் கீழே வைக்கவில்லை. நானும் போகவில்லை. ஆனால் அந்த வீட்டில் பல்லில்லாத ஒரு ஜீவன் உண்டு: என் மாமியார். இடித்துக் கொடுத்தால்தான் வெற்றிலை. உலக்கையோ மகள் கையில். என் எதிரில் நின்று பேசியறியாத அந்த அம்மாள், மூன்றாம் நாள் கதவுக்குப் பின்னாலிருந்து நேரே கூடத்துக்கு வந்துவிட்டார்.

"அம்மிணி, மாப்ளகோடப் பொறப்படு."

"எனக்கு இன்னுங் கோவம் தீரலீங்கம்மா."

"கோவத்த வேலூர்ல போயி வெச்சுக்க. வாய் நமநமங்குது எனக்கு."

"ஒலக்க?"

"அதயுங் கொண்டுட்டுப் போயித் தொல. நான் வேற வாங்கிக்கறேன்."

பெட்ரோல் கிடைக்காத காலம்; பஸ்ஸுக்குக் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னலோரம் கிட்டாரை மடியில் வைத்து உட்கார்ந்தாள். பக்கத்தில் மூட்டையை வைத்தாள். எனக்கு இடமில்லை. நின்றேன். அவள் மெல்ல உலக்கையை இழுத்தாள்.

முன் இருக்கைக்காரர் திரும்பி, "என்னுங்க சத்தம்? வண்டி நிக்கறப்பவே பிரேக்கு கத்துதேன்னு பாத்தேன்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது.

அவள் கை நின்றது. என்னைத்தான் பார்த்தாள். வண்டி இன்னும் கிளம்பவில்லை, இறங்கிவிடலாம். என் வாயில் அதைவிட நல்லதாக ஒரு கேலி வந்து நுனிநாக்கில் துள்ளியது. அதை விழுங்கினேன்.

"எங்கூட்டுக்காரி வாசிக்கறாளுங்க" என்றேன். "கொஞ்சம் சும்மா இருந்தீங்கன்னா நானுங் கேட்பேன்."

அவள் மூட்டையை எடுத்துக் காலடியில் வைத்தாள்.